கடிகாரத்தை நம்பிக் கொடுத்த தந்தை

விலை உயர்ந்த தங்கக் கடிகாரம் ஒன்றை 11 வயதுச் சிறுவனிடம் யாரேனும் ஒப்படைப்பார்களா? 1873ஆம் ஆண்டில் ஒரு தந்தை அப்படித்தான் செய்தார். நாள்தோறும் அதற்குச் சாவி கொடுப்பது மகனின் பொறுப்பு என்றும் சொல்லிவிட்டார். அந்தத் தந்தையின் பெயர் தேவேந்திரநாத் தாகூர். அந்த மகன்தான் பின்னாளில் உலகம் போற்றிய கவிஞர் இரவீந்திரநாத் தாகூர். கடிகாரத்துக்கு என்ன ஆயிற்று என்பதைப் பிறகு காண்போம். அதற்கு முன், அச்சிறுவன் வளர்ந்த வீட்டை முதலில் அறிந்துகொள்வோம்.

இரவீந்திரநாத் 1861ஆம் ஆண்டு மே மாதம் 7ஆம் நாள் கல்கத்தாவின் ஜோராசாங்கோ பகுதியில் இருந்த பெரிய மாளிகையில் பிறந்தார். அவருடைய தாயார் சாரதா தேவி. பிள்ளைகள் நிறைந்த அந்தக் குடும்பத்தில் ரவிதான் கடைக்குட்டி. தந்தையார் பெரும்பாலும் வெளியூர்ப் பயணங்களில் இருப்பார். அதனால், சிறு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை பணியாட்களிடம் விடப்பட்டிருந்தது.

அவர்களுள் சியாம் என்பவன் ஒருவன். பிள்ளையின் பின்னால் ஓடி ஓடிக் காவல் காப்பது அவனுக்குத் தொல்லையாக இருந்தது. அதற்கு ஓர் எளிய வழியைக் கண்டுபிடித்தான். ரவியை ஓர் இடத்தில் உட்கார வைத்துச் சுற்றிலும் சுண்ணக்கட்டியால் வட்டம் வரைவான். வட்டத்தைத் தாண்டினால் பெரும் ஆபத்து வரும் என்று விரலை உயர்த்தி எச்சரித்துவிட்டுப் போய்விடுவான். இலட்சுமணன் போட்ட கோட்டைத் தாண்டிய சீதைக்கு என்ன நேர்ந்தது என்பதை ரவி இராமாயணத்தில் கேட்டிருந்தான். ஆகவே, அந்த வெள்ளைக் கோட்டைத் தாண்ட அவனுக்குத் துணிவு வரவில்லை.

நல்ல வேளையாக, அவன் அமர்ந்த இடத்தருகே ஒரு சன்னல் இருந்தது. சன்னலுக்குக் கீழே ஒரு குளம். குளக்கரையில் விழுதுகள் தொங்கும் பெரிய ஆலமரம். குளிக்க வருவோரையும், நீந்தும் வாத்துகளையும், விழுதுகளுக்கிடையே படரும் நிழலையும் பார்த்தபடியே அவன் பகல் பொழுதைக் கழித்தான். கால்கள் வட்டத்துக்குள் கட்டுண்டு கிடந்தன; கண்கள் மட்டும் வெளியே உலாவி வந்தன.

பள்ளிக்கூடத்தின் கதை வேறு. அண்ணன் ஒருவனும் உறவுக்காரச் சிறுவன் ஒருவனும் வண்டியில் ஏறிப் பள்ளிக்குப் புறப்பட்டபோது, தானும் போக வேண்டும் என்று ரவி அழுதான். வீட்டில் பாடம் சொல்லித் தந்த ஆசிரியர் அவனுக்கு ஓர் அறை கொடுத்தார். இன்று போவதற்கு அழும் நீ, ஒரு நாள் போகாமலிருக்க இதைவிட அதிகமாக அழுவாய் என்று எச்சரித்தார். அந்த வாக்கு விரைவிலேயே பலித்தது.

முதலில் சேர்ந்த பள்ளியில், பாடத்தை ஒப்பிக்கத் தவறிய பிள்ளையைப் பலகைமேல் நிற்க வைப்பார்கள். இரு கைகளையும் நீட்டச் சொல்லி, உள்ளங்கைகளில் எழுதுபலகைகளை அடுக்குவார்கள். அடுத்த பள்ளியில் நாள்தோறும் காலையில் ஓர் ஆங்கிலப் பாட்டை எல்லாரும் சேர்ந்து பாட வேண்டும். அதன் பொருள் பிள்ளைகளுக்குத் தெரியாது. அங்கிருந்த ஓர் ஆசிரியர் தகாத சொற்களால் மாணவர்களைத் திட்டுவார். அவர் கேட்கும் எந்தக் கேள்விக்கும் விடை சொல்வதில்லை என்று ரவி உறுதி பூண்டான். ஆண்டு முழுவதும் வகுப்பின் கடைசியில் வாய் திறவாமல் உட்கார்ந்திருந்தான். ஆனால், ஆண்டுத் தேர்வில் வங்காள மொழியில் அவனே முதலிடம் பெற்றான். ஆசிரியரால் அதை நம்ப முடியவில்லை. முறையிட்டு, மறுமுறையும் தேர்வு எழுத வைத்தார். பள்ளி மேலதிகாரி அருகிலேயே அமர்ந்து கண்காணித்தார். அப்போதும் ரவியே முதலிடம் பெற்றான்.

இத்தகைய பள்ளி வாழ்க்கை அந்தப் பிஞ்சு மனத்தில் என்ன பதித்தது தெரியுமா? வீட்டுத் தாழ்வாரத்தின் ஓரத்தில் மரக் கம்பிகள் வரிசையாக இருந்தன. அவற்றைத் தன் மாணவர்களாகக் கொண்டு ரவி ஆசிரியர் விளையாட்டு ஆடினான். கையில் ஒரு பிரம்பு. எந்தக் கம்பி நல்ல பிள்ளை, எந்தக் கம்பி முரட்டுப் பிள்ளை என்று அவனே தீர்மானிப்பான். முரட்டுக் கம்பிகளை ஓயாமல் அடிப்பான். பாடம் எதுவும் மனத்தில் தங்காவிட்டாலும், ஆசிரியரின் சினம் மட்டும் எளிதாகத் தொற்றிக்கொண்டதைப் பெரியவரான பின் அவரே நினைவுகூர்ந்து எழுதியுள்ளார்.

ரவிக்கு 11 வயதானபோது பூணூல் சடங்கு நடந்தது. தலை மழிக்கப்பட்டது. மொட்டைத் தலையோடு பள்ளிக்குப் போனால் மற்றப் பிள்ளைகள் கேலி செய்வார்களே என்று அவன் கலங்கிக்கொண்டிருந்தான். அந்த நேரத்தில் தந்தையார் அவனை மாடிக்கு அழைத்தார். தம்முடன் இமயமலைக்கு வர விருப்பமா என்று கேட்டார். விருப்பமா என்ற கேள்வியே அவனுக்குப் புதிது. அதுவரை அவனிடம் எல்லாரும் கட்டளையிட்டார்களே தவிர, யாரும் விருப்பத்தைக் கேட்டதில்லை. வானம் அதிரக் கத்த வேண்டும் போல அவனுக்கு மகிழ்ச்சி பொங்கியது.

வழியில் அவர்கள் போல்பூருக்கு அருகே சாந்திநிகேதன் என்ற இடத்தில் சில நாள் தங்கினர். அங்குத் தேவேந்திரநாத் தியானத்துக்காக ஒரு வீடு கட்டியிருந்தார். சுற்றிலும் செம்மண் வெளி. மழைநீர் அறுத்துச் சென்ற பள்ளங்களும் குட்டி மேடுகளும் எங்கும் இருந்தன. தந்தையார் எந்த வட்டமும் வரையவில்லை. விரும்பிய இடமெல்லாம் சுற்றி வரலாம் என்று விட்டுவிட்டார். ரவி பள்ளங்களில் இறங்கி, வகைவகையான கூழாங்கற்களைச் சட்டை மடியில் அள்ளிக்கொண்டு வருவான். அது வீண் வேலை என்று தந்தையார் சொல்லவில்லை. வியப்போடு அவற்றைப் பார்த்து, அருகிலிருந்த மண்மேட்டை அக்கற்களால் அழகுபடுத்தலாமே என்று ஊக்கமளித்தார். ஒரு நாள், பள்ளத்தில் தெளிந்த நீர் ஊறி வழிவதை ரவி கண்டுபிடித்தான். குடிக்கவும் குளிக்கவும் அந்த நீரையே கொண்டுவரலாம் என்று ஓடிவந்து சொன்னான். தந்தையார் மகிழ்ந்து அப்படியே ஏற்பாடு செய்தார். தன் சொல்லுக்கும் மதிப்பு உண்டு என்பதை அச்சிறுவன் அன்று உணர்ந்தான்.

இந்தப் பயணத்தில்தான் ரவியின் கைக்குத் தங்கக் கடிகாரம் வந்தது. அதோடு கொஞ்சம் சில்லறைப் பணமும் தந்து, வரவு செலவுக் கணக்கை நாள்தோறும் ஒப்புவிக்கச் சொன்னார் தந்தையார். காலை உலாவின்போது எதிர்ப்படும் ஏழைகளுக்கு உதவும் வேலையும் ரவியுடையதே. கணக்கு ஒரு நாளும் சரியாக வந்ததில்லை. ஒருமுறை, செலவு செய்த பிறகு இருக்க வேண்டிய தொகையைவிட அதிகப் பணம் கையில் இருந்தது! தந்தையார் கோபிக்கவில்லை. உன் கையில் பணம் வளர்வதால் உன்னையே கணக்கராக்கிவிட வேண்டும் என்று வேடிக்கையாகச் சொன்னார்.

கடிகாரத்துக்கு என்ன ஆயிற்று? ரவி தன் பொறுப்பை மிகுந்த அக்கறையோடு நிறைவேற்றினான். அக்கறை சற்றே கூடிப்போனதால் அளவுக்கு மீறிச் சாவி கொடுத்துவிட்டான். கடிகாரம் பழுதடைந்தது. அதைச் செப்பனிடக் கல்கத்தாவுக்கே அனுப்ப வேண்டியதாயிற்று. இப்படி நேரக்கூடும் என்பதைத் தேவேந்திரநாத் அறியாதவர் அல்லர். கடிகாரத்தைப் பழுது பார்த்துவிடலாம். பொறுப்பைச் சுமந்து பார்க்காமல் ஒரு பிள்ளை பொறுப்பைக் கற்க முடியாது என்பதையும் அவர் அறிந்திருந்தார்.

அமிர்தசரஸில் ஏறத்தாழ ஒரு மாதம் தங்கிய பிறகு, இருவரும் இமயமலைச் சாரலில் உள்ள டல்ஹௌசிக்குச் சென்றனர். மலையுச்சியில் ஒரு வீடு. இரும்புப் பூண் வைத்த கைத்தடியுடன் ரவி தன்னந்தனியாகத் தேவதாரு மரக் காடுகளில் அலைந்து திரிந்தான். ஒருமுறை கூடத் தந்தையார் தடுத்ததில்லை.

இதைப் படித்ததும், அவர் மகனைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டார் என்று எண்ணிவிட வேண்டாம். இருள் விலகும் முன்பே அவர் ரவியை எழுப்பிச் சமஸ்கிருதப் பாடம் சொல்லித் தருவார். பிறகு, நடுக்கும் குளிரில் குளிர்ந்த நீரில் குளிக்க வேண்டும். பகலில் ஆங்கிலப் பாடம் உண்டு. இரவில், மலைகளுக்கு மேல் ஒளிரும் விண்மீன்களைக் காட்டிக் கோள்களைப் பற்றி விளக்குவார். ஒழுங்கும் இருந்தது, விடுதலையும் இருந்தது. அச்சம் மட்டும் இல்லை. கல்கத்தாவில் எந்தப் பாடத்தைக் கண்டு ரவி ஓடி ஒளிந்தானோ, அதே பாடத்தை இங்கே விரும்பிக் கற்றான்.

சில மாதங்களுக்குப் பின் ரவி வீடு திரும்பினான். மலையில் சுற்றித் திரிந்தவனுக்குப் பள்ளியின் நான்கு சுவர்கள் முன்னைவிட இறுக்கமாகத் தோன்றின. ஏதாவது காரணம் சொல்லிப் பள்ளிக்குப் போகாமல் இருந்தான். செயிண்ட் சேவியர் பள்ளியிலும் அவனுடைய மனம் ஒட்டவில்லை. ஆயினும், அங்கே நடந்த ஒரு நிகழ்ச்சியை அவர் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை. ஒரு நாள், எழுத்து வேலை நேரத்தில் ரவியின் பேனா நகராமல் இருந்தது. மேற்பார்வையிட்டுக்கொண்டிருந்த டி பெனரண்டா என்ற ஸ்பெயின் நாட்டுப் பாதிரியார் மெல்ல அருகில் வந்தார். குனிந்து, தோளில் அன்போடு கை வைத்து, உடம்பு சரியில்லையா என்று கனிவாக விசாரித்தார். அவ்வளவுதான் நடந்தது. ஆனால், பல ஆசிரியர்களின் பல்லாண்டுப் பாடங்களைவிட அந்தக் கையின் இதம் ஆழமாகப் பதிந்தது.

இறுதியில் குடும்பத்தார் அவனைப் பள்ளிக்கு அனுப்பும் முயற்சியைக் கைவிட்டனர். ரவி வளர்ந்து சிறந்த மனிதனாவான் என்று எல்லாரும் நம்பியிருந்ததாகவும், அந்த நம்பிக்கை பொய்த்துவிட்டதாகவும் மூத்த சகோதரி மனம் வருந்தினார். இந்தப் பேச்சுகள் அவனையும் உறுத்தின. ஆனால், கற்பதை அவன் நிறுத்தவில்லை. வீட்டில் நூல்கள் இருந்தன, இசை இருந்தது, நாடகம் இருந்தது. அண்ணன் ஜோதிரிந்திரநாத் தம்பியைத் தம் வயதுத் தோழனைப் போல நடத்தினார். தாம் அமைத்த இசைக்குப் பாட்டு எழுத அவனை ஊக்கப்படுத்தினார். 1878இல் இரவீந்திரநாத் இங்கிலாந்துக்குச் சென்று இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கிருந்தும் பட்டம் பெறாமலேயே 1880இல் தாயகம் திரும்பினார்.

காலம் உருண்டது. தாகூருக்கு மிருணாளினி தேவியுடன் திருமணம் நடந்தது. ஐந்து பிள்ளைகள் பிறந்தனர். தம் பிள்ளைகளைத் தாம் வெறுத்த பள்ளிகளுக்கே அனுப்ப அவருக்கு மனம் இல்லை. பத்மா ஆற்றங்கரையில் உள்ள சிலைதா என்ற ஊரில் குடும்பத்தோடு தங்கி, வீட்டிலேயே அவர்களுக்குக் கல்வி அளித்தார். பிறகு, இந்த வாய்ப்பு மற்றப் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்ற எண்ணம் எழுந்தது. எங்கே பள்ளி தொடங்குவது? சிறு வயதில் கூழாங்கற்களைப் பொறுக்கிய அதே செம்மண் பூமி அவர் நினைவுக்கு வந்தது.

1901ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், தந்தையின் ஒப்புதலோடு சாந்திநிகேதனில் தாகூரின் பள்ளி தொடங்கியது. முதலில் சேர்ந்தவர்கள் ஐந்து மாணவர்களே. அவர்களுள் ஒருவர் அவருடைய மூத்த மகன் இரதீந்திரநாத். வகுப்புகள் மரநிழலில் நடந்தன. பிள்ளைகள் தத்தம் பாயை விரித்து அமர்ந்தனர். பிரம்புக்கு அங்கே இடமில்லை. விதி மீறிய மாணவரைப் பற்றி மாணவர்களே கூடிப் பேசி முடிவு செய்தனர். ஒருமுறை, பள்ளியைக் காண வந்த தலைமையாசிரியர் ஒருவர், மாணவன் ஒருவன் மரக்கிளையில் ஏறி அமர்ந்து படிப்பதைக் கண்டு முகம் சுளித்தார். தாகூரோ அந்த மாணவனின் பக்கமே நின்றார். மரம் ஏறும் இன்பம் குழந்தைப் பருவத்துக்கே உரியது. அதை இழந்துவிட்டுப் பெறும் கல்வி முழுமையானது ஆகாது என்பது அவருடைய கருத்து.

நம்பிக்கையின் மேல் ஒரு பள்ளியை நடத்துவது எளிதாக இருக்கவில்லை. தொடக்கத்தில் மாணவர்களிடம் கட்டணம் வாங்கப்படவில்லை. பணத்தட்டுப்பாடு வந்தபோது மிருணாளினி தேவி தம் நகைகளைத் தந்து உதவினார். பள்ளி தொடங்கி ஓராண்டு முடிவதற்குள், 1902 நவம்பரில், அவர் காலமானார். அடுத்த ஆண்டு மகள் இரேணுகா மறைந்தார். 1905இல் தந்தை தேவேந்திரநாத் மறைந்தார். 1907இல் இளைய மகன் சமீந்திரநாத்தை வாந்திபேதி நோய் கொண்டுசென்றது. அப்போது அச்சிறுவனுக்கு ஏறத்தாழ 11 வயது. கடிகாரத்தைக் கையில் வாங்கியபோது ரவிக்கு இருந்த வயதும் ஏறத்தாழ அதுவே. இத்தனை துயரங்களுக்கு நடுவிலும் பள்ளியின் கதவை மூடத் தாகூர் எண்ணவில்லை. சொந்தப் பிள்ளையை இழந்த அவர், மற்றவர்களின் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார். அவர்கள் நடிப்பதற்கு நாடகம் எழுதினார். அவர்களோடு சேர்ந்து பாடினார்.

1912இல் வெளிவந்த அவருடைய 'தபால் நிலையம்' என்ற நாடகம் உலகப் புகழ் பெற்றது. அதில் வரும் அமல் என்னும் சிறுவன் நோயாளி. வெளியே போகக் கூடாது என்று வைத்தியர் கட்டளையிட்டதால், சன்னலருகே அமர்ந்து தெருவில் போவோரிடம் பேசுகிறான். சுண்ணக்கட்டி வட்டத்துக்குள் அமர்ந்து குளத்தைப் பார்த்த சிறுவனை அறிந்த நமக்கு, அமல் புதியவனாகத் தோன்றமாட்டான். ஒரு கிளிக்குக் கல்வி புகட்டுவதாகச் சொல்லி, அதன் வாயில் ஏட்டுத் தாள்களைத் திணித்தே அதைக் கொன்றுவிடும் மனிதர்களைப் பற்றியும் தாகூர் ஒரு நையாண்டிக் கதை எழுதினார்.

1913ஆம் ஆண்டு இலக்கியத்துக்கான நோபெல் பரிசு தாகூருக்குக் கிடைத்தது. அப்பரிசைப் பெற்ற முதல் ஆசியர் அவர்தாம். பள்ளிகளிலிருந்து விலகியவர், பட்டம் பெறாதவர் என்று வருந்திய குடும்பத்தின் பெயரை அவரே உலகறியச் செய்தார். பரிசுத் தொகையைத் தம் பள்ளியின் நலனுக்கே ஒதுக்கினார். 1921இல் அந்த மரநிழற் பள்ளி விசுவபாரதி என்ற பெரிய கல்வி நிறுவனமாக வளர்ந்தது.

1927ஆம் ஆண்டு தாகூர் நம் வட்டாரத்துக்கும் வந்தார். சிங்கப்பூர், மலாக்கா, கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு ஆகிய ஊர்களில் மக்கள் அவரை வரவேற்றனர். விசுவபாரதிக்கு ஆதரவு திரட்டுவதும் அப்பயணத்தின் நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது. அப்போது அவருக்கு வயது 66. ஐந்து பிள்ளைகளோடு தொடங்கிய கனவுக்காக அந்த வயதிலும் அவர் கடல் கடந்து பயணம் செய்தார்.

தம் இளமைக் காலத்தைத் திரும்பிப் பார்த்து எழுதியபோது, தாகூர் தந்தையாரின் ஒரு குணத்தை நன்றியோடு குறிப்பிட்டார். தந்தையாருக்குப் பிடிக்காத செயல்களைத் தாம் பல முறை செய்ததுண்டு. ஒரு சொல்லால் அவர் தடுத்திருக்கலாம். ஆனால், உண்மையை மகனே உணரும் வரை அவர் காத்திருந்தார். வெளியிலிருந்து திணிக்கப்படும் உண்மை நிலைக்காது என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். பிள்ளை வழி தவறிவிடுவானோ என்ற அச்சத்தைவிட, அவன் வழி கண்டுபிடிப்பான் என்ற நம்பிக்கை அவரிடம் பெரிதாக இருந்தது.

1941ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 7ஆம் நாள், தாம் பிறந்த அதே ஜோராசாங்கோ மாளிகையில் இரவீந்திரநாத் தாகூர் இயற்கை எய்தினார். சாந்திநிகேதனில் மரநிழல் வகுப்புகள் அவருக்குப் பின்னும் தொடர்ந்தன.

மாணவர்களே, உங்கள் வீட்டிலும் பெரியவர்கள் என்றாவது ஒரு பொறுப்பை உங்களிடம் ஒப்படைத்திருப்பார்கள். அது வீட்டுச் சாவியாக இருக்கலாம். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் வேலையாக இருக்கலாம். அதைச் செய்யும்போது சிறு தவறுகள் நேரலாம். கடிகாரம் பழுதாகலாம், கணக்கு இடிக்கலாம். ஆயினும், அன்று உங்கள் கையில் வைக்கப்பட்ட நம்பிக்கை வீண் போவதில்லை. அதைப் பெற்றவர், ஒரு நாள் இன்னொரு பிள்ளைக்கு அதைக் கொடுக்கக் கற்றுக்கொள்கிறார். ஜோராசாங்கோவின் ரவி அப்படித்தான் கற்றுக்கொண்டான்.